இங்கிலீஷுக்கு உம் கொட்டியவள்

போன மாதம், நான் ஆயாவாக வேலை பார்த்த பழைய பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பேத்தியின் டி.சி. விஷயம். ஆபீஸில் காத்திருக்கச் சொன்னார்கள். நான் காத்திருக்கிற ஆளா? ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டேன். புதிதாகச் சேர்ந்த டீச்சர் பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி போனைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். போன் கொஞ்சம் யோசித்தது. அப்புறம் மார்க் போட்டது. அவள் முகம் தொங்கிவிட்டது. அடுத்தவள் வாங்கிப் பேசினாள். அவளுக்கும் அதே கதி.

"இன்னாம்மா இது, போன்கூட பரீட்சை வைக்குதா?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷ் பேசப் பழகுறோம் ஆயாம்மா. மனுஷங்ககிட்ட பேசுறதுக்கு பயமா இருக்குதுன்னுதான் இதுகிட்ட பேசுறோம்."

"இப்போ பயம் போயிடுச்சா?"

"இப்போ போனைப் பாத்தாலும் பயமா இருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். "உங்க காலத்துல இன்னா பண்ணாங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்க காலத்துல போனு ஆபீஸ் மேசையில இருந்துச்சி. அதனால எல்லாரும் எங்கிட்ட பேசுவாங்க" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். கிழவி கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். நான் நிஜத்தைத்தான் சொன்னேன். என் பேச்சில் ஒரு தொல்லை உண்டு. நிஜத்தைச் சொன்னால் சிரிப்பார்கள், பொய் சொன்னால் நம்பிக் கையெழுத்துப் போடுவார்கள். அப்புறம் அந்தப் பெண்ணே, "ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க ஆயாம்மா, தமிழ்ப் பக்கம் ஒண்ணு காலியா இருக்குது" என்றாள். இந்த அஞ்சலை ஐந்தாவது வரை படித்தவள். தமிழ் எழுத வரும். எழுதுவதற்கு முன்னால் பழைய கரஸ்பாண்டன்ட் அய்யா வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டேன். ஏனென்றால் இதில் அவர் மானமும் கொஞ்சம் இருக்கிறது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இங்கிலீஷ்ல போடுவாங்களா?" என்றார்.

"தமிழ்லதாங்க."

"அப்போ தாராளமா எழுது" என்று பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் என்பது தகரக் கொட்டகை. அய்யா மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வேர்க்கடலை வியாபாரத்தில் கிடைத்ததை என்ன செய்வது என்று யோசித்து இங்கிலீஷ் மீடியம் வைத்தார். மண்டியில் மூட்டை அடுக்கிய இடத்தில் பெஞ்சு போட்டார்கள். மழை பெய்தால் ஏ பி சி டி எல்லாம் கடலை வாசனை அடிக்கும். எனக்கு வேலை கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. மூக்கைத் துடை, ஷூவைக் கட்டு, அழுகிற பிள்ளையைத் தூக்கு. மூன்று பெற்றவளுக்கு இதில் என்ன பயிற்சி? கட்டடம் வந்ததும் என்னைத் தூக்கிக் கரஸ்பாண்டன்ட் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். தண்ணீர்க் குடமும் பாத்ரூம் சாவியும் என் பொறுப்பு. ரிட்டயர் ஆகும்வரை அந்த ஸ்டூல்தான் என் சீட்டு.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும், இங்கிலீஷ் என்பது வாயில் வருகிற சமாச்சாரம் இல்லை. அது முதலில் தொண்டையில் வரும். ஆள் எச்சிலை விழுங்குவார். அப்புறம் உள்ளங்கையில் வரும். பேன்ட்டில் துடைப்பார், புடவையில் துடைப்பார். அப்புறம் அடிவயிற்றுக்கு இறங்கும். "ஆயாம்மா, பாத்ரூம் எங்க?" என்பார். இந்த வரிசை மாறி நான் பார்த்ததே இல்லை. அதனால் ஒருவர் எச்சில் விழுங்கும்போதே சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

எல்.கே.ஜி. அட்மிஷன் சமயத்தில் அப்பா அம்மாவுக்கும் இன்டர்வியூ வைத்தார்கள். ஒரு வருஷம் ரோடு கான்ட்ராக்டர் ஒருவர் வந்தார். பெரிய மீசை. கூட்டு ரோட்டில் நின்று கத்தினால் செஞ்சிக் கோட்டை மேலே இருக்கிற குரங்கு திரும்பிப் பார்க்கும், அப்படிக் குரல். உள்ளே பிரின்சிபால் அம்மா, "வாட் ஈஸ் யுவர் நேம்?" என்று கேட்டார். கேட்டது அவரைத்தான். மீசை தன் பிள்ளையைக் குனிந்து பார்த்தது. பிள்ளை, "மை டாடி நேம் ஈஸ் பாலகிருஷ்ணன்" என்றது. வெளியே வந்தவர் என்னிடம் பெருமையாக, "பையன் எப்படிப் பேசறான் பாத்தியாம்மா?" என்றார்.

"ஆமாங்க. உங்களுக்கும் சேத்துப் பேசிட்டான்" என்றேன்.

அங்கே பயப்படாதவர்கள் யாருமே இல்லை. வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு பிரின்சிபால் அம்மாவைக் கண்டால் பயம். பிரின்சிபால் அம்மா ஊட்டிப் பக்கம் கான்வென்ட்டில் படித்தவர். ஆனால் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த அப்பா யாராவது உட்கார்ந்தால் அவரும் கர்சீப்பைப் பிசைவார். எல்லாருக்கும் பெரியவர் கரஸ்பாண்டன்ட் அய்யா. அவருக்கு எல்லாரையும் கண்டால் பயம்.

அய்யாவின் முறையை விவரமாகச் சொல்ல வேண்டும். மேசைமேல் ஒரு பித்தளை மணி. அதன் தலையில் அழுத்தினால் டிங் என்னும். எதிரே உட்கார்ந்தவர் இங்கிலீஷில் ஆரம்பித்தால் அய்யா கண்ணை மூடித் தலையாட்டுவார். ஆழமாக யோசிக்கிறார் என்று தோன்றும். இடையில் "ஐ ஸீ" என்பார். பேச்சு நின்று, பதில் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் மணியை ஒரு தட்டு. ஒரு தட்டு என்றால் தண்ணீர். நான் போய் டம்ளரை வைத்து, மேசையைத் துடைத்து, ஃபேனை ஒரு பாயின்ட் கூட்டிவிட்டு வருவேன். அதற்குள் எதிராளிக்குப் பேச்சு விட்டுப்போகும். அப்படியும் விடாமல் பேசுகிற ஆளாக இருந்தால் இரண்டு தட்டு. இரண்டு தட்டு என்றால் நான் கதவில் தலையை நீட்டி, "அய்யா, மெட்ராஸ்லேர்ந்து போனு" என்று சொல்ல வேண்டும். அவர் எழுந்து, "எக்ஸ்கியூஸ்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் ரூமுக்குப் போய், வராத போனில் கம்பீரமாகத் தமிழில் பேசுவார்.

ஒரு தடவை வடக்கே இருந்து மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜர் ஒருவர். தமிழே தெரியாது. மணி அடிக்கிறது, தண்ணீர் வைக்கிறேன். மறுபடி மணி, மறுபடி தண்ணீர். அப்புறம் போன். போன் முடிந்து வந்தால் அந்த ஆள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கிறார். மேசை முழுக்க டம்ளர். கடைசியில் அவர் பாவம், அய்யாவுக்கு ஏதோ சர்க்கரை வியாதி என்று நினைத்து, நல்ல டாக்டர் ஒருவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான். எனக்குத்தான் அந்தச் சனியனே தெரியாதே, பயம் எங்கிருந்து வரும்?

என்னிடம் இங்கிலீஷ் பேசும் வழக்கம் எப்படி ஆரம்பித்தது என்றால், இன்டர்வியூவுக்கு வந்த ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து முணுமுணுவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றாள்.

"சுவரு பதில் சொல்லாது மிஸ். என்னைப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா ஆயாம்மா?"

"ஒரு எழுத்து தெரியாது."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், பரீட்சையே ரத்தாகிவிட்ட மாதிரி. என் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தாள். நான் சின்ன வயதில் எங்கள் அத்தை கதை சொல்லும்போது உம் கொட்டுவேனே, அதே மாதிரி உம் கொட்டினேன். கதைக்கு உம் கொட்டாவிட்டால் எங்கள் அத்தை நிறுத்திவிடுவாள். "இன்னாடி, தூங்கிட்டியா?" என்று ஒரு குத்து விழும். இந்தப் பெண்ணும் என் உம்மில் ஏறி ஏறி நின்ற இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். வேலை கிடைத்தது. அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். அதற்கப்புறம் மதியம் சாப்பாட்டு வேளையில், பின்னால் கை கழுவுகிற குழாய்ப் பக்கம், நான் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கு யாராவது ஒருத்தர் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. வகுப்பில் சொல்ல வேண்டியது, மீட்டிங்கில் சொல்ல வேண்டியது, லீவு கேட்பது, எல்லாம் முதலில் எனக்குத்தான்.

உம் கொட்டுவது சும்மா இல்லை. அதற்கும் முறை இருக்கிறது. முதல் விஷயம், கையில் வேலை இருக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு கேட்டால் நீதிபதி ஆகிவிடுவோம். கண்ணைப் பார்க்கக் கூடாது. பாத்திரத்தைப் பார்க்க வேண்டும். அவர்கள் மூச்சு வாங்குகிற இடத்தில் உம் போட வேண்டும், முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. குரல் மேலே போனால் "உம்?" என்று நாமும் மேலே போக வேண்டும். குரல் இறங்கினால் இழுத்து "உம்ம்ம்". படித்தவர்கள் உம் கொட்ட மாட்டார்கள். உதட்டை ஒட்டிவைத்துக்கொண்டு, எப்போது தப்பு வரும் என்று கொக்கு மாதிரி நிற்பார்கள். அப்படி நின்றால் எந்த மீன் துள்ளும்?

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. என் ஸ்டூலுக்குப் பின்னால் எல்.கே.ஜி. ரூம். நடுவில் தட்டிதான். வருஷா வருஷம் அதே பாட்டு, அதே வார்த்தை, அதே கம் ஹியர், சிட் டவுன். நான் எல்.கே.ஜி.யையே எத்தனை வருஷம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு வருஷமும் பாஸ் போடவில்லை. அதோடு மதியம் மதியம் குழாயடி வகுப்பு வேறு. பக்கத்து வீட்டுச் சண்டை புரிகிற மாதிரி, நான் கேட்காமலே, கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு இங்கிலீஷ் புரிய ஆரம்பித்துவிட்டது.

அது தெரிந்த நாள் நினைவிருக்கிறது. இரண்டு டீச்சர்கள் என் எதிரிலேயே என் புடவையைப் பற்றிப் பேசினார்கள். "பழைய ஜன்னல் கர்ட்டன் மாதிரி இருக்கிறது" என்று ஒருத்தி இங்கிலீஷில் சொன்னாள். அது நிஜமாகவே பழைய ஜன்னல் கர்ட்டன் துணிதான், அய்யா வீட்டம்மா கொடுத்தது. சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று குனிந்து, பாத்திரத்துக்குள் தலையை விட்டு இருமினேன்.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். இது வெளியே தெரியக் கூடாது. ஆயாம்மாவுக்குப் புரியும் என்று தெரிந்தால் இந்தப் பிள்ளைகள் மறுபடி சுவரிடம்தான் போவார்கள். அதற்கப்புறம் ரிட்டயர் ஆகும்வரை நான் ஒரு எழுத்து தெரியாதவளாகவே வேலை பார்த்தேன். ஒன்று தெரியாத மாதிரி நடிப்பது, தெரிந்த மாதிரி நடிப்பதைவிடக் கஷ்டம். இரண்டாவதைச் செய்ய அந்தக் கட்டடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள்.

இப்போது மலர்க்கொடி கதைக்கு வருகிறேன். கணக்கு டீச்சர். வல்லத்துக்கு அந்தாண்ட ஒரு கிராமம். அவள் அப்பா ஏழுமலை, செஞ்சியில் நெல்லும் கடலையும் ஏலம் போகிற கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். அந்தக் குடும்பத்தில் இவள்தான் முதல் பட்டதாரி. போர்டில் இங்கிலீஷ் எழுதினால் கோலம் போட்ட மாதிரி இருக்கும். பிள்ளைகளிடம் வகுப்பில் நன்றாகத்தான் பேசுவாள். பெரியவர் யாராவது வாசலில் வந்து நின்றால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும். ஸ்டாஃப் ரூமில் யாராவது இங்கிலீஷில் கேட்டுவிடுவார்கள் என்று எந்நேரமும் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டிருப்பாள். அந்த பாட்டிலை நிரப்பியே எனக்குக் கை வலிக்கும்.

அவளை நிரந்தரம் பண்ணவில்லை. அய்யா பிரின்சிபாலிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "தீபாவளிக்கு முந்தி பேரன்ட்ஸ் மீட்டிங் வருதுல்ல? மேடையில நாலு வார்த்தை இங்கிலீஷ்ல பேசட்டும். பேசுனா ஆர்டர் குடு. பேசலன்னா வேற ஆளைப் பாரு. இங்கிலீஷ் பேசாத டீச்சரை வெச்சிக்கினு நான் இங்கிலீஷ் மீடியம்னு போர்டு மாட்ட முடியுமா?"

சொல்லிவிட்டு மணியை ஒரு தட்டு தட்டினார். இந்த முறை நிஜமாகவே தாகம்.

மலர்க்கொடி குழாயடிக்கு வர ஆரம்பித்தாள். முதலில் மனப்பாடம் பண்ணிய மேடைப் பேச்சு. "ரெஸ்பெக்டட் கரஸ்பாண்டன்ட் சார்" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் முடிப்பாள். நான் தேய்ப்பேன், உம் கொட்டுவேன். பத்துப் பதினைந்து தடவை சொன்னால் யாருக்கும் சலித்துப்போகும். ஒரு நாள் பேச்சு முடிந்தும் அவள் நிறுத்தவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்றாள் இங்கிலீஷில். உம். நேற்று பஸ்ஸில் உட்கார இடம் இல்லை என்றாள். உம். அப்படியே போய், வீட்டுக் கதைக்கு வந்துவிட்டாள். தமிழில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் இங்கிலீஷில் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது தடுமாற்றமே இல்லை. ஆற்றுத் தண்ணி மாதிரி வந்தது. மேடைக்கு வேண்டிய இங்கிலீஷ் அத்தனையும் குழாயடியில் கொட்டிக் கிடந்தது.

அவள் நைனா ஏழுமலை தினமும் சாயங்காலம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "இன்னிக்கி இஸ்கூல்ல இன்னா நடந்துச்சி, சொல்லு" என்பாராம். இவள் சொல்வாளாம். கடைசியில் அவர், "வேலை பெர்மனென்ட் ஆச்சா?" என்பாராம். தினமும் அதே கேள்வி. ஆவணி மாதம் ஒரு நாள் தாங்க முடியாமல், "ஆயிடுச்சி நைனா" என்று சொல்லிவிட்டாள். மனுஷன் மறுநாள் கமிட்டியில் மூட்டை தூக்குகிற எல்லாருக்கும் காராபூந்தி வாங்கிக் கொடுத்துவிட்டார். இதைச் சொல்லும்போது அவள் அழுதாள். இங்கிலீஷிலேயே அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும். நான் இழுத்து ஒரு உம் போட்டேன்.

மீட்டிங்குக்கு முந்தின நாள் மதியம் வந்தாள். மேடைப் பேச்சைச் சொல்லவே இல்லை. அமைதியாக நின்று, "நாளைக்குக் காலையில் பஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறேன். ஒரு துணிக்கடையில் சிநேகிதி இருக்கிறாள். திரும்பி வரமாட்டேன்" என்று இங்கிலீஷில் சொன்னாள். என் கை நின்றுவிட்டது. உம் வரவில்லை.

"இன்னா ஆயாம்மா?" என்று தமிழுக்கு வந்தாள்.

"ஒண்ணுமில்ல மிஸ். கம்பி நாரு கையில குத்திடுச்சி" என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. போகாதே என்று சொல்லலாம். தமிழில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சொன்ன அடுத்த நிமிஷம், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். இத்தனை நாளாக ஒரு நீதிபதி முன்னால் அழுதிருக்கிறோம் என்று நினைப்பாள். அப்புறம் சென்னைக்குப் போனாலும் சரி, செஞ்சியில் இருந்தாலும் சரி, எங்கேயும் வாய் திறக்கமாட்டாள். சொல்லாவிட்டாலோ, சாயங்காலம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் யாரிடம் கதை கேட்பார்?

யோசித்து யோசித்து ஒரு வழிதான் தெரிந்தது. நான் நீதிபதி இல்லை என்று அவளுக்குக் காட்ட வேண்டும். அதற்கு நானே கூண்டில் ஏற வேண்டும்.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சென்னை பஸ் நின்றிருந்தது. உள்ளே பாதி சீட்டு நிரம்பியிருந்தது. மலர்க்கொடி ஜன்னலோரம், மடியில் பை. என்னைப் பார்த்ததும், "ஆயாம்மா, நீங்க எங்க இங்க?" என்றாள். தமிழில்தான் கேட்டாள். நான் இங்கிலீஷில் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

எச்சிலை விழுங்கினேன். உள்ளங்கை ஈரமாகிவிட்டது. புடவையில் துடைத்தேன். இது எங்கேயோ பார்த்த வரிசையாக இருக்கிறதே என்று தோன்றியபோது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. எத்தனை பேருக்குச் சாவி கொடுத்திருப்பேன், சிரித்துக்கொண்டே! அங்கே எனக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு அஞ்சலை இல்லை. பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். முன் சீட்டில் கண்ணாடி போட்ட ஒருவர், பார்த்தால் ஹெட்மாஸ்டர் மாதிரி. அவர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அந்த மனுஷன் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"மிஸ்" என்றேன். "யூ... நோ கோ."

அவள் முகம் வெளுத்தது.

"டுடே மீட்டிங். யூ ஸ்பீக். ஐ... யுவர் ஸ்டோரி ஆல்... ஐ நோ. ஆல் நோ. நோ டெல் எனிபடி." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மை இங்கிலீஷ்... வெரி... வெரி..." அடுத்த வார்த்தை கிடைக்கவில்லை. எல்.கே.ஜி.யில் அந்த வார்த்தை சொல்லித்தரவில்லை. நின்றுவிட்டேன்.

"உம்" என்றாள் மலர்க்கொடி.

தெரிந்து சொன்னாளா, தெரியாமல் வந்ததா, எனக்குத் தெரியாது. அந்த உம் இருக்கிறதே, அது முதுகில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. "வெரி டர்ட்டி!" என்று முடித்துவிட்டேன்.

கண்டக்டர் பின்னாலேயே நின்றிருந்தான். "இன்னா ஆயா, பஸ்ஸுல இங்கிலீஷ் கிளாஸா? ஏறுறியா, எறங்குறியா, அதை மட்டும் தமிழ்ல சொல்லிடு" என்றான். பஸ் சிரித்தது.

மலர்க்கொடி சிரிக்கவில்லை. "எவ்ளோ நாளா?" என்றாள்.

"நீ வர்றதுக்கு முந்தியேம்மா."

"அப்போ நான் அழுதது, நைனாகிட்ட பொய் சொன்னது, எல்லாம்?"

"எல்லாம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? என்னை பைத்தியக்காரின்னு நெனச்சிக்கினு பாத்திரம் தேச்சிங்களா?"

"பைத்தியக்காரின்னு நெனச்சிருந்தா சோத்தைக்கூடத் துன்னாம இந்நேரத்துக்கு இங்க வந்து, ஊரே பாக்க என் மானத்தை வாங்கிக்கினு நிப்பேனா? அவ்ளோ இங்கிலீஷையும் எங்கிட்ட பேசிட்டு, அங்க போயி துணி மடிக்கப் போறியா?"

படாரென்று எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு என்னை இடித்துத் தள்ளிவிட்டு இறங்கினாள். இறங்கி, பள்ளிக்கூடம் இருக்கிற பக்கமாக விறுவிறுவென்று நடந்தாள். சமாதானமாகி வந்தாள் என்று நினைக்காதீர்கள். முழுக்க முழுக்கக் கோபம். நான் பின்னால் ஓடினேன், பள்ளிக்கூடத்துப் பாத்ரூமை நினைத்துக்கொண்டு.

மீட்டிங் ஆரம்பிக்கும் நேரம். நான் கேட்டில் நின்றிருந்தேன். சைக்கிளில் ஏழுமலை வந்தார். கையில் டிபன் பாக்ஸ்.

"யக்கா, எம்பொண்ணு சாப்பாட்டை மறந்து வெச்சிட்டு வந்துடுச்சி. குடுத்துடுறியா?"

மறக்காமல் என்ன செய்வாள், சென்னைக்குப் போகிறவளுக்கு மதியச் சாப்பாடு எதற்கு? வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். அதுதான் முறை. ஆனால் என் நாக்கு என்னைக் கேட்டா பேசுகிறது?

"உம்பொண்ணு இப்போ மைக்குல பேசப் போவுது. உள்ள வா தம்பி."

"அய்யய்யோ, கமிட்டி சட்டையோட வந்திருக்கேன். பெரிய பெரிய ஆளுங்க இருப்பாங்க."

"அவங்க எல்லாரும் பயந்துக்கினுதான் உக்காந்திருக்காங்க. நீ ஒருத்தன்தான் பயப்படாத ஆளு. வா."

கடைசி வரிசையில், தண்ணீர் டிரம் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்தேன். டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நான் நின்றேன்.

மலர்க்கொடியைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தாள். "ரெஸ்பெக்டட் கரஸ்பாண்டன்ட் சார்" என்றாள். நிமிர்ந்தாள். கடைசி வரிசையில் நைனாவைப் பார்த்தாள். அவ்வளவுதான். வாய் பூட்டிக்கொண்டது.

அத்தனை அப்பா அம்மாவும் உதட்டை ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அய்யா கை மேசைமேல் மணியைத் தேடுகிறது. அங்கே பூச்செண்டுதான் இருந்தது. என் தொண்டையில் உம் வந்து நிற்கிறது. ஆனால் விட முடியவில்லை. என் உம் அவளுக்கு இனிமேல் இங்கிலீஷ் தெரிந்தவளின் உம். அது அவளைத் தூக்காது, குத்தும். நான் இவ்வளவு வருஷ சர்வீஸில் கையாலாகாமல் நின்றது அன்றைக்குத்தான்.

"உம்" என்றது ஒரு குரல்.

ஏழுமலை. பெண் கதையை நிறுத்தினால் நைனா உம் கொட்ட வேண்டும், அவருக்கு அது தினசரி வேலை. முன் வரிசைகள் திரும்பிப் பார்த்தன. சிலர் சிரித்தார்கள். அவர் எதையும் கவனிக்கவில்லை. "உம், சொல்லு" என்றார், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

மேடையில் மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்தாள். பேச ஆரம்பித்தாள். அது மனப்பாடம் பண்ணிய பேச்சு இல்லை. குழாயடி இங்கிலீஷ். "சின்ன வயதிலிருந்து இங்கிலீஷ் படித்தேன், ஆனால் பேசப் பயம்" என்றாள். ஏழுமலை உம் என்றார். "உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் பயம் வரும், அவர்கள் வீட்டில் பேசும்போது தப்புப் பிடிக்காதீர்கள், சும்மா கேளுங்கள்" என்றாள். உம். "இன்று காலையில் இந்த மீட்டிங்குக்குப் பயந்து சென்னைக்குப் போக பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்" என்றாள். உம். "என் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது என்று என் அப்பாவிடம் பொய் சொல்லியிருக்கிறேன். ஆகவில்லை. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். என்னால் தமிழில் அவரிடம் இதைச் சொல்ல முடியவில்லை" என்றாள்.

"உம்ம்ம்" என்றார் ஏழுமலை.

புரிந்தவர்கள் எல்லாரும் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். புரியாதவர்கள், புரிந்தவர்கள் திரும்புகிறார்களே என்று திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணைப் பெற்றவரைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து அவர் சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸோடு கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். யாரோ கை தட்ட, ஹால் முழுக்கத் தட்டியது.

மேடையில் அய்யா பிரின்சிபால் பக்கம் சாய்ந்து, "இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றது மைக்கில் லேசாகக் கேட்டது. பிரின்சிபால் அம்மா அவர் காதில் சொன்னார். அய்யா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மண்டிக்காரர்தான், ஆனால் கல் நெஞ்சு இல்லை. எழுந்து மைக்கைப் பிடித்தார். இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. எச்சிலை விழுங்கினார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். ஹால் காத்திருந்தது.

"பெர்மனென்ட்!" என்றார். கொஞ்ச நேரம் வேறு வார்த்தை தேடினார். கிடைக்கவில்லை. "பெர்மனென்ட்! பெர்மனென்ட்!" என்று மேலும் இரண்டு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்த ஒரு வார்த்தைதான் ஏழுமலைக்குப் புரிந்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அது ஆவணியிலயே ஆயிடுச்சே யக்கா. இவரு இன்னாத்துக்கு இப்போ புதுசா சொல்றாரு?"

"அவருக்கு இங்கிலீஷ் அவ்ளோதான் வரும் தம்பி. வர்றதைச் சொல்றாரு."

ஏழுமலை மேடையில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த அய்யாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாவம்" என்றார்.